சிப்பி கட்டும் அலங்கம்

(அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் மாலை சபையார் கூடியிருந்த கூட்டத்தில், எங்கள் மருத்துவமனைக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



நாளைக்கு அசனம். வெளியே அடுப்பு வெட்டியாகிவிட்டது. காய் நறுக்குகிறவர்கள் இப்போதே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலையைக் கெடுக்காமல் பேசி முடியுங்கள் என்று சபைச் செயலாளர் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு நோய்க்கிருமி உடம்புக்குள் நுழைந்த முதல் சில மணி நேரத்தில், டாக்டர் வருவதற்கு முன்னால், மாத்திரை வாங்குவதற்கு முன்னால், நம்மைக் காப்பது எது? அது நல்லபடி வேலை செய்ய நாம் என்ன கொடுக்க வேண்டும்?

இதைச் சொல்வதற்குப் புத்தகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. நம்முடைய கடலிலேயே அதற்கு நல்ல பாடம் இருக்கிறது.

முத்து எப்படி உண்டாகிறது?

தூத்துக்குடிக் கடலில் சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் முத்துச்சிப்பிப் பார்கள் இருக்கின்றன. உங்களில் வயதானவர்கள் சிலர் சிறு வயதில் முத்துச் சலாபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1955இல் தொடங்கி 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசியாக நடந்த சலாப வரிசை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு குளியாள் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உயிரே அந்தக் கயிற்றில் இருப்பதால், தங்கை தாலி பறிபோகக் கூடாதென்று நினைக்கும் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வது வழக்கம்.

அப்படி உயிரைப் பணயம் வைத்து எடுத்த முத்து என்பது என்ன? சிப்பிக்குள் மணல் விழுந்தால் முத்தாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மழைத்துளி விழுந்தால் முத்தாகும் என்று பாட்டிமார் சொன்னார்கள். இரண்டுமே சரியல்ல. சிப்பி கடலடியில் மணலோடு பழகி வாழ்கிற உயிர். மணலை வெளியே தள்ள அதற்கு நன்றாகத் தெரியும்.

1902இல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, இலங்கை அரசின் அழைப்பின் பேரில் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். அவருடன் ஜேம்ஸ் ஹார்னெல் என்பவரும் வேலை செய்தார். இந்த ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்தவர். அவர்கள் முத்துகளை அறுத்துப் பார்த்தபோது, சிலவற்றின் நடுவில் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சைக் கண்டார்கள். எல்லா முத்துக்கும் புழுதான் காரணம் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் முத்து என்பது ஓர் ஊடுருவலுக்கு, அல்லது ஒரு காயத்துக்கு, சிப்பி கொடுக்கும் பதில் என்பது நிலைத்துவிட்டது. சிப்பியின் ஓட்டுக்குள் பளபளப்பான பூச்சைப் பூசுகிற ஒரு மெல்லிய தோல் உண்டு. அந்தத் தோலின் சில அணுக்கள் காயத்தினாலோ ஊடுருவியவனாலோ உள்தசைக்குள் தள்ளப்பட்டால், அங்கே ஒரு பை உண்டாகிறது. அந்தப் பை உள்ளே இருக்கிறதைச் சுற்றிப் படலத்தின்மேல் படலமாகச் சுண்ணத்தைப் பூசிக்கொண்டே இருக்கிறது. சிப்பியைப் பொறுத்தவரை அது வேண்டாதவனைச் சுற்றி எழுப்பிய அலங்கம். நாம் அதை மோதிரத்தில் பதித்துக்கொள்கிறோம்!

1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சுவாமி, நம் தூத்துக்குடியில் இதையே கையால் செய்து காட்டினார். ஒரு சிப்பியின் தோல் துண்டையும், ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த ஒரு சிறு மணியையும் இன்னொரு சிப்பிக்குள் வைத்தார். வேப்பலோடைக் கடலில் வளர்த்த சிப்பிகளில் உருண்டையான முத்து விளைந்தது. இந்தியாவில் இப்படி முத்து வளர்த்தது அதுவே முதல் தடவை. எல்லாச் சிப்பியும் முத்துத் தருவதில்லை. சில மணியை வெளியே தள்ளிவிடும், சில செத்துப்போகும். திடமான சிப்பிதான் அலங்கத்தைக் கட்டி முடிக்கும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

ரோஜா முள்ளும் விண்மீனும்

சிப்பிக்கு அம்மைத் தடுப்பூசி கிடையாது. நம்மைப் போலக் கிருமியை ஒருமுறை பார்த்து, அடையாளம் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருளைச் செய்கிற ஏற்பாடும் அதற்கு இல்லை. முதுகெலும்புள்ள உயிர்களுக்குத்தான் அந்த இரண்டாவது படை உண்டு. சிப்பியிடம் இருப்பது பிறவியிலேயே வந்த முதல் படை மட்டும். அதைக் கொண்டே கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிருமிகள் நிறைந்த கடலில் அது பிழைத்து வருகிறது. அதே முதல் படை நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது.

இதை முதலில் கண்டவர் ரஷ்ய நாட்டு எலி மெட்ச்னிகாப். 1882ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊரில் இருந்தார். விண்மீன் என்று நாம் சொல்கிற நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும். அதன் உடம்பில் தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்துக்கொண்டிருந்தன. யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாத பொருள் வந்தது, அவை வந்தன. இப்படி அந்நியரை விழுங்கும் அணுக்கள்தான் உடம்பின் காவலர் என்று அவர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். 1908இல் அவருக்கும், எதிர்ப்பொருள் பற்றி ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டு படையும் உண்மைதான் என்று ஆயிற்று.

நம் உடம்பின் முதல் படை

முதலில் மதில். தோல் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே வர முடியாது. கண்ணீரில் கிருமியின் ஓட்டைக் கரைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளி கிருமியைப் பிடிக்க, நுண்ணிய மயிர்கள் அதை மேலே தள்ளுகின்றன. வயிற்றிலே அமிலம். இத்தனையும் நாம் தூங்கும்போதும் வேலை செய்கின்றன.

மதில் உடைந்தால்? உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கிற ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். உப்புநீரில் நின்று நின்று குதிகால் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பில் உப்புக்கல் கிழித்துவிடுகிறது. கிருமி நுழைந்துவிட்டது. அந்த இடத்திலேயே குடியிருக்கும் காவல் அணுக்கள் உடனே அபாயக்குரல் கொடுக்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆகவே இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரைப் பிளந்துகொண்டு வந்து கிருமியை விழுங்குகின்றன. விழுங்கித் தாங்களும் சாகின்றன. நாம் அருவருப்போடு துடைத்துப் போடுகிற சீழ் பெரும்பாலும் நமக்காகச் செத்த அந்தப் படையாட்களின் உடல்தான். இவற்றை நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி உற்பத்தி செய்கிறது. இரண்டாவது படை தயாராகச் சில நாட்கள் ஆகும். அதுவரைக்கும் இவர்களே காவல்.

இன்ன கிருமி என்று முன்பின் தெரியாமல் இந்த அணுக்கள் அந்நியரை எப்படிக் கண்டுகொள்கின்றன? இதற்கு விடை வர நூறு ஆண்டுக்குமேல் ஆயிற்று. 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், 'டோல்' என்ற ஒரு மரபணு இல்லாத பழ ஈக்கள் பூஞ்சைக் கிருமிக்குத் தப்பாமல் சாகின்றன என்று கண்டார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று எலியின் உடம்பில் கிருமியின் வெளிப்பூச்சை உணர்கிறது என்று காட்டினார்கள். 2011இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கிருமிகளுக்கென்றே உரிய சில பொதுவான அடையாளங்கள் உண்டு. அவற்றைத் தொட்டுப் பார்க்கிற காவலாளிகள் இவை. ஈயிலும் உண்டு, எலியிலும் உண்டு, மனிதனிலும் உண்டு, நம் சிப்பியிலும் உண்டு.

ஆகவே காயம் பட்டால் காபித்தூள், சுண்ணாம்பு, சாணம் இவற்றை அப்ப வேண்டாம். அது எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதாகும். சுத்தமான நீராலும் சோப்பாலும் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டுங்கள். ஆழமான காயமென்றால் தாமதிக்காமல் வந்து டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இந்த வெள்ளணுக்கள் மெதுவாகத்தான் வரும். வந்தாலும் சரியாகக் கொல்லாது. கால் விரலில் சிறு கொப்புளமாக ஆரம்பித்தது விரலையே எடுக்கும்படி ஆவதை எங்கள் கட்டுப் போடும் அறையில் அடிக்கடி பார்க்கிறோம்.

நுரையீரலில் ஒரு முத்து

இனி நாங்கள் சொல்ல வந்த காரியம். எல்லாக் கிருமியும் விழுங்கினால் சாவதில்லை. காசநோய்க் கிருமி அப்படிப்பட்டது. ராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்து அறிவித்ததும் அதே 1882ஆம் ஆண்டுதான். இருமுகிறவரிடமிருந்து காற்றில் வந்து நுரையீரலின் அடியில் இறங்குகிறது. அங்கே காவல் இருக்கும் பெரிய விழுங்கணு அதை விழுங்குகிறது. ஆனால் கிருமி உள்ளேயே உயிரோடு இருந்து பெருகுகிறது.

அப்போது உடம்பு சிப்பி செய்வதைப் போன்ற ஒரு காரியத்தைச் செய்கிறது. கொல்ல முடியாதவனைச் சுற்றி வளைக்கிறது. விழுங்கணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று சுவராகின்றன. சில வாரங்களில் இரண்டாவது படையும் வந்து சேர்ந்து அந்தச் சுவரைப் பலப்படுத்துகிறது. பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், சிலருக்கு அந்த இடம் சுண்ணம் படிந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நுரையீரலுக்குள் ஒரு முத்து! ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முத்துக்குள் இருப்பது திரும்ப வராது. இந்தச் சுவருக்குள் இருப்பவன் சாகாமல் காத்திருக்கக் கூடும்.

உலகத்தில் சுமார் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி நுழைந்திருப்பதாகக் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களுக்குச் சுவர் தாங்குகிறது. யாருக்குச் சுவர் இடிகிறது? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு. புகையும் மதுவும் விடாதவர்களுக்கு. நம் நாட்டில் மிகுதியாக, வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்காதவர்களுக்கு. அலங்கம் கட்டுகிற அணுக்கள் நாம் சாப்பிடுகிற பருப்பிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் உண்டாகின்றன. அவற்றுக்கு வேறு கல்லும் சாந்தும் இல்லை.

காசநோய்க்கு மருந்து வாங்க வந்த ஒருவரின் மனைவி எங்கள் சிஸ்டரிடம் கேட்டார்: "சிஸ்டர், இந்த மாத்திர அவுகளுக்கு. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டாம இருக்க என்ன தருவீங்க?" முகத்தை மூடி இருமச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைச் சோதனைக்குக் கூட்டி வாருங்கள் என்று சிஸ்டர் சொன்னார். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் உங்கள் பானையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் உப்பளத்தை நம்பிய குடும்பம். மழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது.

ஏன் கேட்கவில்லை? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதுவும் நம் தமிழ்நாட்டுச் சரித்திரம்தான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாருக்கு சானடோரியத்திலும், ஒரு பகுதியாருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்கள் மோசமான சாப்பாட்டைச் சாப்பிட்டு, நெருக்கடியான இடத்தில் இருந்தும், மற்றவர்களைப் போலவே குணமானார்கள். இது பெரிய நற்செய்தி. இதனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ஏழைகள் வேலையையும் குடும்பத்தையும் விடாமல் சிகிச்சை பெற்றார்கள். ஆனால் இதிலிருந்து பலர் இன்னொரு பாடத்தையும் படித்துக்கொண்டார்கள்: மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று. நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

அந்தப் பாடத்தைத் திருத்தியது ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி. அதே சென்னை நிறுவனமும் அதில் பங்குகொண்டது. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் அவர்களோடு வசித்த 10,345 பேரைக் கவனித்தார்கள். நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதி வீடுகளில் மட்டும், கூட இருப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். 2023இல் முடிவு வந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடியவர்களுக்கு மரண ஆபத்து சுமார் 60 சதவிகிதம் குறைவாக இருந்தது.

நண்பர்களே, அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். "எங்களுக்கு என்ன தருவீங்க?" அரிசியும் பருப்பும் தருவோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தை விட்டுவிட்டுச் சாப்பாடு போதும் என்று யாரும் எண்ணிக்கொள்ளக் கூடாது. சுவரை மீறி வெளிவந்த கிருமியை மருந்துதான் கொல்லும். அதைக் கடைசி நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் என்று கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, எழுந்து நிற்கும் பலம் இவற்றைப் பார்த்து, மிகவும் நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உணவுக்கென்று மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. உங்கள் தெருவில் யாருக்காவது இது தெரியாமல் இருந்தால் சொல்லுங்கள். வங்கிக் கணக்குத் தொடங்க உடன் செல்லுங்கள். வெட்கத்தால் மறைத்து வைக்கிற வீடுகள் நம் சபைகளிலும் உண்டு.

முடிவாக ஒன்று. நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டின வரலாறு நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம் என்று நான்காம் அதிகாரத்தைப் பற்றிப் பல பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஐந்தாம் அதிகாரத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அலங்கம் கட்டிக்கொண்டிருந்த ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் அங்கே கூக்குரலிடுகிறார்கள். எதிரியைப் பற்றியல்ல, சாப்பிடத் தானியம் இல்லையென்று. நெகேமியா கட்டட வேலையைப் பேசாமல், முதலில் பசியின் காரியத்தைத் தீர்த்தார். அதற்குப் பின்புதான் அலங்கம் கட்டி முடிந்தது.

உங்கள் காணிக்கையில் எங்களுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. இந்த வருஷம் நாங்கள் கேட்பது அதைவிடச் சின்னக் காரியம். காசநோய் உள்ள வீடு ஒன்றுக்கு, கூட இருக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும், மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், மழைக் காலம் முடியும் வரையாவது. மற்ற வேலையை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அவர்கள் உடம்புக்குள் இருக்கிற காவலாளிகள் பார்த்துக்கொள்வார்கள். திடமான சிப்பிதான் அலங்கத்தைக் கட்டி முடிக்கும்.

நாளைக்கு அசனத்தில் சாதி பார்க்காமல், பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரப் போகிறோம். மிச்சமிருக்கும் சோற்றை அனுப்புவது நம் வழக்கம். இந்த முறை மிச்சமாவதற்கு முன்னாலேயே, இருமல் கேட்கிற ஒரு வீட்டுக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.